ஆசை தொடாத அளவுகோல்

வெள்ளிக்கிழமை இரவுக்குள் 40 செ.மீ. ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் புறப்படுகிறவர்கள் வாரம் முழுக்கக் கைப்பேசியில் திறந்து திறந்து பார்ப்பது இப்படி ஓர் எண்ணைத்தான். எண் ஏறினால் மனம் ஏறுகிறது, இறங்கினால் சோர்ந்துபோகிறது. விடுப்பு எழுதிக்கொடுத்து, விடுதிக்கு முன்பணம் கட்டி, சறுக்குப்பலகைக்கு மெழுகும் பூசி வைத்துவிட்ட ஒருவருக்கு அது வானிலைத் தகவலாகத் தெரிவதில்லை. தனக்கு யாரோ கொடுத்த வாக்காகத் தெரிகிறது.

அந்த எண்ணுக்கும், போய் நிற்கும்போது காலடியில் கிடக்கும் பனிக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது. அதில் பாதி மலையின் வேலை: உயரம், காற்று, வெயில், சாய்வு, முன்பே விழுந்து கிடக்கும் பனி. மறுபாதி மனிதர்களின் வேலை: விற்க நினைப்பவர்களின் ஆசை, போக நினைப்பவர்களின் ஆசை. மலையின் பங்கைப் படிக்க அறிவியல் நிறையவே கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆசையின் பங்கைப் படிப்பதுதான் கடினம் என்று நினைக்கிறேன். கிழக்கு சுவிட்சர்லாந்தின் டாவோஸ், இவை இரண்டையும் சேர்த்து யோசிக்க ஏற்ற இடம். பனியை எந்த விருப்பமும் இல்லாமல் அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே 1936 முதல் இருந்துவருகிறது.

*

முதலில் எண்ணின் பிறப்பு. டாவோஸ் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டரில் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் இருக்கும் பார்சென் சறுக்குப் பகுதியின் உச்சி 2,844 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. ஊரில் 2 டிகிரியில் பாதி மழையாகவும் பாதி பனியாகவும் சொதசொதவென்று விழுந்துகொண்டிருக்கும் அதே நேரம் உச்சியில் மைனஸ் 6 டிகிரியில் உலர்ந்த பனி பொழியும். ‘டாவோஸ்: 40 செ.மீ.’ என்று ஊர்ப்பெயருக்கு எதிரே எழுதினால் அது எந்த உயரத்துக்கான அளவு? பனிப்பொழிவு அறிவிப்பைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பூஜ்ஜிய டிகிரிக் கோடு எந்த உயரத்தில் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பொதுவாக அந்தக் கோட்டுக்குக் கீழே 200 முதல் 400 மீட்டர் வரைகூடப் பனி உருகாமல் வந்து சேரும். அதற்கும் கீழே மழைதான்.

அடுத்தது எடை. கணிப்பு மாதிரிகள் அடிப்படையில் தண்ணீரைத்தான் கணக்கிடுகின்றன. 1 மில்லிமீட்டர் தண்ணீருக்கு 1 செ.மீ. பனி என்பது கைக்கணக்கு. அப்படி விழும் பனி கனமீட்டருக்கு 100 கிலோ இருக்கும். காற்றில்லாத கடுங்குளிரில் அதே தண்ணீர் இரண்டு மடங்கு உயரத்துக்குப் பூப்போல நிற்கும். மேகத்துக்குள் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆறு கிளை விரித்த நட்சத்திரப் படிகங்கள் வேகமாக வளரும். கிளைகளுக்கு இடையில் காற்று சிக்கிக்கொள்வதால் பனி இலேசாக இருக்கும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் என்றால் அதே தண்ணீர் பாதி உயரத்தில் கனத்து அமுங்கிவிடும். சறுக்குகிறவரின் முழங்காலுக்கு இரண்டும் வேறு வேறு உலகங்கள். முதலாவதில் பலகை மிதக்கும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். அறிவிப்பில் இரண்டுமே செ.மீ. கணக்கில்தான் வரும்.

மூன்றாவது, திசை. வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து ஆல்ப்ஸில் மோதி மேலேறினால் மலையின் வடபக்கம் பனியில் மூழ்கும். அதே காற்று முகட்டைத் தாண்டித் தெற்கே இறங்கும்போது ஈரம் வற்றி, வெப்பம் ஏறி, டிச்சினோ பள்ளத்தாக்குகளில் பளிச்சென்று வெயிலடிக்கும். காற்று சில டிகிரி திரும்பினாலே யாருக்குப் பனி, யாருக்கு வெயில் என்பது மாறிவிடும். ஒரு வாரம் முன்னதாக அந்தத் திருப்பத்தைச் சொல்லவல்ல கணினி இன்றும் இல்லை. வளிமண்டலத்தின் தொடக்க நிலையில் நாம் விடும் சிறு பிழை நாளாக ஆக எப்படிப் பெருகும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். அதை ஏற்றுக்கொண்ட வானிலையாளர்கள் ஒரே கணிப்பை நம்புவதை விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிவைத்து 51 முறை கணிக்கிறது. அந்த 51 விடைகளும் நெருங்கி நின்றால் நம்பலாம். ஒன்று 5 என்றும் இன்னொன்று 70 என்றும் சொன்னால், அந்த விரிவுதான் நேர்மையான விடை. கைப்பேசியில் வரும் ஒற்றை எண் அந்த விரிவை மறைத்துவிடுகிறது. பத்து நாளுக்கு முன்னால் வரும் 40 செ.மீ. என்பது ஒரு போக்கைக் காட்டும் குறிப்பு மட்டுமே. மூன்று நாளுக்குள் வந்த பிறகுதான் அதை அளவு என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கலாம்.

*

விழப்போகும் பனியைச் சொல்வதுதான் கடினம், விழுந்ததை அளப்பது எளிது என்று தோன்றும். அதுவும் எளிதில்லை.

டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில், சுமார் 2,540 மீட்டர் உயரத்தில் ஓர் அளவீட்டுத் திடல் இருக்கிறது. 1936இலிருந்து குளிர்காலத்தில் நாள்தோறும் அங்கே பனி அளக்கப்படுகிறது. இன்று பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமாக வளர்ந்து நிற்பது அந்தத் திடலில் தொடங்கிய வேலைதான். முறை மிக எளியது. பனிப்பரப்பின் மேல் ஒரு வெள்ளைப் பலகை. காலையில் அதன்மேல் சேர்ந்திருக்கும் புதுப்பனியை அளவுகோலால் அளந்து, துடைத்து, புதிய பரப்பின் மீது பலகையைத் திரும்ப வைத்துவிடுவார்கள். மறுநாள் அதே வேளையில் மீண்டும் அளவு.

அதே வேளை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதுப்பனி விழுந்த கணத்திலிருந்தே தன் எடையில் தானே அமுங்குகிறது. மணிக்கொரு தடவை அளந்து துடைத்துக் கூட்டினால், நாளுக்கொரு தடவை அளந்ததைவிடப் பெரிய தொகை வரும். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மான்டேக்கில் ஒரே நாளில் 77 அங்குலம், அதாவது ஏறத்தாழ 196 செ.மீ. விழுந்ததாகப் பதிவானது. அமெரிக்க நாட்டின் ஒருநாள் சாதனையாகியிருக்க வேண்டிய அளவு அது. விதிப்படி ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் அளந்து கூட்டக்கூடாது. அங்கே அதற்கும் மேல் அளந்திருந்தார்கள் என்பதால் அது ஏற்கப்படவில்லை. கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921 ஏப்ரலில் விழுந்த பனியிடமே சாதனை நின்றுவிட்டது. பொய் சொல்லாமலே எண்ணைப் பெரிதாக்கலாம். அடிக்கடி அளந்தால் போதும்.

பொய்யும் உண்டு. டார்ட்மத் கல்லூரிப் பொருளியலாளர்கள் ஜொனதன் சின்மன், எரிக் சிட்செவிட்ஸ் இருவரும், வட அமெரிக்கச் சறுக்கு விடுதிகள் தாமே வெளியிட்ட பனிப்பொழிவு அளவுகளை அரசு வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டார்கள். வார நாள்களைவிட வார இறுதியில் விடுதிகள் 23 சதவீதம் கூடுதலாகப் பனி விழுந்ததாகச் சொல்லியிருந்தன. அரசுத் தரவில் அப்படியோர் ஏற்றமே இல்லை. சனி, ஞாயிறு என்பது வானத்துக்குத் தெரியாது. சீட்டு விற்பவருக்குத் தெரியும். சறுக்குகிறவர்கள் களத்தில் இருந்தபடியே பனிநிலையைப் பகிர்ந்துகொள்ளும் வசதி ஐபோனில் வந்த பிறகு இந்த மிகை சட்டென்று குறைந்தது, அதுவும் கைப்பேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைத்த விடுதிகளில் அதிகமாகவே குறைந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். பார்க்கும் கண்கள் பெருகினால் எண்ணுக்கு நாணயம் வருகிறது.

இந்த ஆய்வைப் படிக்கும்போது விடுதிக்காரர்கள்மீது கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மிகையான எண் விலைபோனதற்கு அதை நம்ப ஆசைப்பட்டவர்களும் வேண்டியிருந்தது. வைஸ்ஃப்ளூயோக் பலகையின் பெருமை, அதை அளப்பவருக்கு எண் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் ஒன்றுதான் என்பதில் இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளாக அந்த ஒரு பலகையை யாருடைய ஆசையும் தொடவில்லை. அறிவிப்பைப் படிக்கிறவர் தன் மனத்துக்குள் அப்படியொரு பலகையை வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே பெரிய தேர்ச்சி.

*

சரிவின் நிலை வேறொரு பாடம். வானத்து அறிவிப்பு வரப்போவதைப் பேசுகிறது. சரிவு வந்துபோன எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருக்கிறது.

ஒரே கம்பிவண்டியில் ஏறி ஒரே முகட்டில் இறங்கினாலும் நான்கு பக்கமும் நான்கு விதப் பனி கிடக்கலாம். ஜனவரியின் தாழ்ந்த சூரியன் எட்டிப்பார்க்காத வடக்குச் சரிவில் தூள்பனி பல நாள் அப்படியே இருக்கும். தெற்குச் சரிவில் அது ஒரே நாள் வெயிலில் இளகி, இரவில் உறைந்து, ஓடு கட்டிவிடும். மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுவதால், காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு இறுகி உறையும். மேகம் மூடிய இரவில் அது நடக்காது. வசந்தகாலத்தில் சறுக்கப் போகிறவர் மறுநாள் வெயிலைவிட முந்தைய இரவின் வானத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இரவு நன்றாக உறைந்திருந்தால், முன்காலையில் கண்ணாடிபோல் இருந்த தென்கிழக்குச் சரிவின் மேல் ஓரிரு செ.மீ. மட்டும் பத்து, பதினொரு மணியளவில் இளகும். அனுபவசாலிகள் காத்திருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்காக. பிறகு தெற்கு, பிறகு மேற்கு என்று அந்தப் பக்குவம் சூரியனோடு நகரும். பின்தங்கினால் மிஞ்சுவது கணுக்கால்வரை புதையும் ஈரப்பனி.

காற்று இன்னும் பெரிய கலைப்பு வேலையைச் செய்கிறது. முகட்டில் விழுந்த பனியைக் காற்றடிக்கும் பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்து மறைவில் கொட்டுகிறது. 40 செ.மீ. என்று சொன்ன மலையில் ஓரிடத்தில் புல் தெரியும், ஐம்பது மீட்டர் தள்ளி இடுப்பளவு பனி நிற்கும். பறந்து சிதைந்த படிகங்கள் நெருங்கிப் படிந்து பலகைபோல் இறுகுகின்றன. மிருதுவாகத் தோன்றும் அந்தப் பலகைதான் பின்னால் ஆபத்தாகிறது.

குறியிட்ட சறுக்குத் தடங்களில் இவற்றில் பலவற்றை இயந்திரம் சமன்செய்துவிடும். இரவில் பெரிய வண்டிகள் பனியை அழுத்திச் சீவி, காலையில் வரிவரியாக விட்டுவைக்கின்றன. சுவிட்சர்லாந்தின் தடங்களில் ஏறத்தாழ பாதிக்கு இயந்திரப் பனியும் உண்டு. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பநிலை மைனஸ் இரண்டு, மூன்றுக்குக் கீழே போனால் நீரைத் தெளித்து அதைச் செய்யலாம். உருண்டைக் குருணைகளாக, இயற்கைப் பனியைவிடக் கனமாக விழும் அது எளிதில் உருகாது. ‘தடம் திறந்திருக்கிறது’ என்ற அறிவிப்பும் ‘பனி பெய்திருக்கிறது’ என்ற அறிவிப்பும் ஒன்றல்ல என்பதை இதனால் நினைவில் வைக்க வேண்டும்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து சுவிஸுக்கு வந்து உணவக அடுப்படிகளில் வாழ்க்கையைத் தொடங்கிய பல தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பள்ளிகள் நடத்தும் பனிச்சறுக்கு முகாம்களுக்குப் போகிறார்கள். ‘அங்க பனிச்சரிவு எண்டு செய்தியில சொல்லினம், பிள்ளைய விடலாமோ?’ என்ற கேள்வி அந்த வீடுகளில் எழுவது இயல்பு. அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. குறியிட்டுத் திறந்துவைத்த தடத்தைப் பனிச்சரிவிலிருந்து காக்கும் பொறுப்பு அதை நடத்துபவருடையது, ஆபத்தென்றால் மூடிவிடுவார்கள். குச்சிகளுக்கு அப்பால் உள்ள கன்னிச் சரிவில் அந்தப் பொறுப்பு முழுக்கச் சறுக்குகிறவருடையது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெண்மை. நடுவில் உள்ள கோட்டைத் தாண்டியதும் வாசிக்க வேண்டிய அறிவிப்பே வேறு.

*

அந்த வேறு அறிவிப்பை, பனிச்சரிவு அறிக்கையை, டாவோஸ் நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு வெளியிட்டு, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. பொதுமக்களுக்கான முதல் அறிக்கை 1945 டிசம்பரில் வந்தது. நாடெங்கும் சுமார் 200 நோக்கர்களும் மலைமேல் நிற்கும் தானியங்கி நிலையங்களும் தரும் தகவல் அதற்கு அடிப்படை.

அந்த அறிக்கை முக்கியமாகத் தேடுவது நேற்று விழுந்த பனியை அல்ல, அதற்கு அடியில் புதைந்து கிடக்கும் வலுவற்ற அடுக்கை. அது உருவாகும் விதம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிறது. நிலத்தை ஒட்டிய பனி பெரும்பாலும் பூஜ்ஜிய டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 15, 20. பனி தடிமனாக இருந்தால் இந்த வித்தியாசம் நெடுந்தூரத்தில் பரவிவிடும். மெல்லியதாக இருந்தால் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக நிற்கும். மீட்டருக்குப் பத்து டிகிரிக்கு மேல் போனால் அடிப்பனியிலிருந்து நீராவி மேலேறி மறுபடி படிந்து, பட்டை தீட்டிய பெரிய மணிகளாக வளர்கிறது. அள்ளிப் பார்த்தால் ரவைபோல விரல்களுக்கிடையே உதிரும், உருண்டை பிடிக்க வராது. பனி விழுந்த பிறகும் உள்ளே இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை வைஸ்ஃப்ளூயோக்கில் ஆராய்ந்து ஹென்றி பாடரும் ராபர்ட் ஹேஃபெலியும் தோழர்களும் 1939இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

இதன் பொருளை நிறுத்தி யோசிக்க வேண்டும். பனி குறைவாக விழுந்து, குளிர் மட்டும் நீண்ட தொடக்கக் குளிர்காலம்தான் இந்த ரவையைச் செய்கிறது. அதே வாரங்களில்தான் சறுக்குகிறவர்கள் ஏமாற்றத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் வருகிறது அந்த 40 செ.மீ. காற்று அதைப் பலகையாக்கி ரவையின் மேல் அடுக்குகிறது. மறுநாள் மேகம் விலகி நீலவானம் திறக்கிறது. ஏக்கம் உச்சத்தில் இருக்கும் காலையும் மலை மிகவும் வலுவிழந்து நிற்கும் காலையும் ஒரே காலை. இது தற்செயலாக நேர்வதும் அல்ல. பனியில்லாத நாள்கள் மனிதருக்குள் ஏக்கத்தையும் மலைக்குள் ரவையையும் சேர்ந்தே வளர்த்திருக்கின்றன.

ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒருமித்து ஏற்ற ஆபத்து அளவுகோலில் ஐந்து படிகள்: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றதும் மனம் அதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்கிறது. படிகள் சமமானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆபத்து பன்மடங்காக ஏறுகிறது. சுவிஸ் குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்களுக்கு மூன்றாம் படி அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த நாள்களில் இறக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் படியில் பனி கண்ணுக்குத் தெரியவே மிரட்டும், எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். மூன்றாம் படியில் மலை அழகாக இருக்கும், பெரும்பாலான சரிவுகள் தாங்கவும் தாங்கும். தாங்காத ஒன்று எது என்று மேலே எழுதியிருக்காது. சறுக்குகிறவர்களைக் கொன்ற பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதைக் கிளப்பிவிட்டது இறந்தவரோ அவருடன் வந்தவரோதான்.

சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முன்டர் தொண்ணூறுகளில் இதற்கு ஓர் எளிய வரம்பு வகுத்தார். இரண்டாம் படியில் 40 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வைத் தவிர், மூன்றில் 35, நான்கில் 30. பலகைபோல் உடைந்து சரியும் பனி பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில்தான் கிளம்புகிறது என்பதால் இந்த வரம்புக்கு வலு உண்டு. அதைவிட ஆழமானது அவர் சொன்ன மூன்று காரணிகள்: பனியும் வானிலையும், நிலத்தின் அமைப்பு, மனிதர். வீட்டில் திட்டமிடும்போதும், மலையடியில் நிற்கும்போதும், சரிவின் விளிம்பிலும் இந்த மூன்றையும் மறுபடி மறுபடி பார்க்கச் சொன்னார். வானிலைக்குச் சமமான இடத்தில் மனிதரை வைத்ததுதான் அந்த முறையின் துணிவு.

அமெரிக்காவில் இயன் மெக்கம்மன் 1972 முதல் 2003 வரை நடந்த 715 விபத்துகளை எடுத்து, மனிதர் என்ற அந்தக் காரணியை அலசினார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, குறித்த இலக்கை எட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம், பக்கத்தில் பிறர் இருக்கும் தைரியம், இன்னொருவர் முந்திவிடுவார் என்ற பதற்றம் ஆகியவை பொறிகளாக வேலைசெய்வதைக் காட்டினார். பனிச்சரிவுப் பயிற்சி பெற்றவர்களும் பழகிய மலையில் அறிகுறிகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். அவர்களிடம் தகவல் இருந்தது. தகவலைவிட ஆசை விரைவாக முடிவெடுத்துவிட்டது.

*

அப்படியானால் ஆசையைத் துறந்துவிட வேண்டுமா? ஆசையில்லாதவர் மலைக்கே போகமாட்டார். பனியின்மீது தீராத ஈர்ப்பு இல்லாத எவரும் மைனஸ் 20 டிகிரியில் நின்று படிகத்தை உருப்பெருக்கியில் பார்த்திருக்கவும் மாட்டார். ஆசைக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைவிட்டு அது நகராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பயணம் போவதா என்ற முடிவை ஆசையே எடுக்கட்டும். எந்தச் சரிவில், எந்த மணிக்கு என்ற முடிவில் அதற்கு வாக்கு இருக்கக்கூடாது.

நடைமுறையில் இது பெரிய துறவு ஒன்றும் கேட்பதில்லை. புறப்படும் முன்பே ஒரு சரிவுக்குப் பதிலாக மூன்றைக் குறித்துக்கொள்வது: ஒன்று நல்ல நாளுக்கு, ஒன்று சந்தேகமான நாளுக்கு, ஒன்று தடத்தைவிட்டு விலகாத நாளுக்கு. பத்து நாள் முன்னால் எண்ணைப் பார்த்தாலும் மூன்று நாள் வரை அதன்மேல் எதையும் கட்டாமல் இருப்பது. மாலை ஐந்து மணி அறிக்கையில் படியை மட்டும் பார்க்காமல், எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில், எந்த அடுக்கினால் ஆபத்து என்று எழுதியிருப்பதையும் கடைசிவரை படிப்பது. மலைமேல் பனி ‘வும்’மென்று அமுங்கும் ஒலி கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, படித்த அறிக்கை எத்தனை இதமாக இருந்திருந்தாலும் அதை விட்டுவிட்டு மலை சொல்வதைக் கேட்பது.

மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான் முன்னறிவிப்பு அறிவாகிறது. மனத்தில் முடிவெடுத்துவிட்டுப் படிப்பவருக்கு 51 கணிப்புகளும் 200 நோக்கர்களும் தொண்ணூறு ஆண்டு அளவீடும் தன் விருப்பத்துக்குச் சாட்சி தேடும் இடமாகத்தான் இருக்கும். எண் 40 என்று வந்ததும் மகிழ்ந்துகொள்ளலாம். மகிழ்ந்த பிறகு, அது எந்த உயரத்துக்கு, யார் அளந்தது, எதன்மேல் விழுகிறது என்று மூன்று கேள்விகள் கேட்டுவிட்டால் போதும். அவற்றில் ஒன்றின் விடை பிடிக்காமல் போய், திட்டத்தை மாற்றி எளிய தடத்தில் சறுக்கிவிட்டு மாலையில் ஊர் திரும்புகிறவர்தான் அறிவிப்பைச் சரியாகப் படித்தவர்.